பதினேழாம் வீட்டின் சிவப்புச் சக்கரம்

அந்தக் குடியிருப்பில் அவளை எல்லோரும் மீட்டரக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். முதலில் கேலிக்கு வைத்த பெயர், பிறகு அதுவே நிலைத்துவிட்டது. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருபது வருடமாக வேலை பார்ப்பவள், துளியை அளந்து பழகிய கை. கிணறு வற்றி, திங்களும் வியாழனும் வரும் லாரித் தண்ணீரை நம்பிப் பிழைக்கிற நிலை வந்தபோது, இருபத்துநான்கு வீட்டுக்கும் தனித்தனி மீட்டர் பொருத்தச் சொன்னது அவள்தான். தினமும் காலை ஆறு மணிக்கு நான்கு தளமும் ஏறி இறங்கி எண்களைக் குறித்துவந்து, மாடிப்படிக்குக் கீழே இருந்த பலகையில் எழுதுவதும் அவள்தான்.

தலைக்குத் தொண்ணூறு லிட்டர் என்று சங்கத்தில் முடிவாகியிருந்தது. பலகையில் யார் பேரும் கிடையாது. வீட்டு எண், எத்தனை ஆள், நேற்றுச் செலவான லிட்டர், அவ்வளவுதான். பலகை வந்த ஒரே மாதத்தில் மொத்தச் செலவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. யாரும் யாரையும் திட்டவில்லை. தன் வீட்டு எண் பக்கத்து வீட்டு எண்ணைவிடப் பெரிதாக இருப்பதைப் பார்த்துக்கொண்டே படியேறுவது எல்லோருக்கும் போதுமானதாக இருந்தது. மீட்டரக்காவுக்கு அதில் பெருமை உண்டு. வெளியே காட்டிக்கொள்ள மாட்டாள், ஆனால் எழுதி முடித்ததும் நாலடி பின்னால் போய் நின்று ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவாள்.

இந்த ஒழுங்கைப் பதினேழாம் வீடு குலைத்தது.

அங்கே இருந்தது இரண்டே பேர், தையற்கடை வைத்திருக்கும் ஒரு பெண்ணும் அவளுடைய பத்து வயது மகளும். ஒரு வருடமாக அவர்கள் கணக்கு நூற்றைம்பதைத் தாண்டியதில்லை. திடீரென்று ஒருநாள் இருநூற்றிருபத்தெட்டு. மறுநாள் இருநூற்று முப்பத்திரண்டு. அடுத்த நாள் இருநூற்று நாற்பது. பலகை முன்னால் நிற்பவர்கள் அந்த வரியிலேயே விரலை வைக்க ஆரம்பித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மீட்டரக்கா மேலே போனாள். எங்காவது ஒழுக்கு இருக்கும், பார்த்துவிடலாம் என்று சொல்லி எல்லாக் குழாயையும் மூடச் சொன்னாள். அந்தக் கட்டடத்தில் மீட்டர்கள் வீட்டுக்கு வெளியே, வாசற்கதவை ஒட்டிய சுவர்ப் பொந்தில் இருந்தன. மீட்டரின் கண்ணாடிக்குள் கடுகளவு சிவப்புச் சக்கரம் ஒன்று உண்டு. சொட்டுத் தண்ணீர் உள்ளே போனாலும் அது சுழலும். கால் மணி நேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள், சக்கரம் அசையவே இல்லை. தையற்காரி கதவைப் பாதி சாத்தி, அந்த இடைவெளியில் உடம்பை வைத்து மறைத்துக்கொண்டு நின்றாள். துணி கொஞ்சம் கூடுதலாகத் துவைத்தேன் என்றாள். எத்தனை நாளாக, எவ்வளவு துணி என்று மீட்டரக்கா கேட்பதற்குள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கீழே இறங்கும்போது மீட்டரக்காவுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்திருந்தது. கணக்கில் சொல்லாமல் யாரையோ குடிவைத்திருக்கிறாள் என்று தோன்றியது. ஒழுக்கு இல்லை என்று சங்கத் தலைவரிடம் சொன்னாள். தலைவர் நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், ஒரு அங்குலம் விட்டுக்கொடுக்காத மனிதர். அப்படியென்றால் செவ்வாய்க்கிழமை முதல் அந்த வீட்டு வால்வை அரை நாள் மூடிவிட வேண்டியதுதான் என்றார். மூடுவதற்கு முன் ஒரு நாள் அவகாசம் கேட்டாள் மீட்டரக்கா. குற்றம் சாட்டுவதானால் கையில் ஆதாரம் இருக்க வேண்டும் என்பது அவள் கொள்கை.

திங்கட்கிழமை விடுப்பு போட்டாள். எட்டரைக்குத் தையற்காரி மகளோடு இறங்கிப் போனதும், நோட்டோடு இரண்டாம் மாடிக்குப் போய்ப் பதினேழாம் வீட்டுக்கு எதிரே படிக்கட்டில் உட்கார்ந்தாள். கதவில் பூட்டு தொங்கியது. மீட்டர் எண்ணைக் குறித்துக்கொண்டாள்.

ஒன்பது பத்துக்குச் சிவப்புச் சக்கரம் சுழன்றது. ஒன்பது லிட்டர் போனதும் நின்றது. அரை நிமிடம் கழித்து இன்னும் அரை லிட்டர். பத்து மணிக்கு விட்டு விட்டு, மெதுவாக, இருபது லிட்டர். பதினொன்றே காலுக்கு மறுபடியும் ஒன்பது, மறுபடியும் அரை. ஒழுக்கு இப்படி நேரம் பார்த்து ஒழுகாது. கழிப்பறைத் தொட்டி ஒருமுறை நிரம்ப ஒன்பது லிட்டர். கை கழுவ அரை லிட்டர். பூட்டிய வீட்டுக்குள் யாரோ இருக்கிறார்கள்.

பிடிபட்டது என்ற திருப்தியோடுதான் அவள் கீழே இறங்கினாள். வாசலில் தண்ணீர் லாரி நின்றிருந்தது, குழாய் கீழ்த்தொட்டிக்குள் இறங்கியிருந்தது. வழக்கமான டிரைவர் இல்லை. இவன் முப்பது முப்பத்திரண்டு வயதுக்காரன், இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு. சுத்தமாகச் சட்டை போட்டு, பலகை முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்று படித்துக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் மரியாதையாக ஒதுங்கி நின்றான். எவ்வளவு நேர்த்தியாக எழுதியிருக்கிறீர்கள், நான் போகிற எந்த இடத்திலும் இப்படிப் பார்த்ததில்லை என்றான். அவளுக்கு மனம் கொஞ்சம் குளிர்ந்துபோனது.

“பதினேழாம் நம்பர்ல மட்டும் ரெண்டு பேருக்கு இவ்வளவு போகுதேக்கா,” என்றான்.

“அதைத்தான் காலையிலேர்ந்து பாத்துட்டு வரேன். பூட்டின வீட்டுல தண்ணி ஓடுது.”

“அப்ப உள்ள ஆள் இருக்கு.”

“இருக்கும்போலத்தான் தெரியுது.”

அவன் தலையை ஆட்டிக்கொண்டான். தொட்டி நிறைந்ததும் குழாயைச் சுருட்டி லாரியில் மாட்டினான். ஏறுவதற்கு முன்னால், போகிற போக்கில் கேட்பதுபோல, தையற்காரம்மா எத்தனை மணிக்கு வீடு திரும்புவார் என்று கேட்டான். நாலு மணிக்கு என்றாள். அடுத்த லோடையும் நாலு மணிக்கே கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினான்.

மீட்டரக்கா தலைவர் வீட்டுக்குப் போக முதல் மாடிப் படியில் கால் வைத்தாள். நாலாவது படியில் நின்றுவிட்டாள். பலகையில் பேர் கிடையாது, தொழிலும் கிடையாது. பதினேழாம் எண்ணில் இருப்பது தையற்காரி என்று இன்றைக்குப் புதிதாக வந்த டிரைவருக்கு யார் சொன்னது? அவள் எப்போது திரும்புவாள் என்பது தண்ணீர் கொண்டுவருகிறவனுக்கு எதற்கு?

அவள் தலைவர் வீட்டைத் தாண்டி இரண்டாம் மாடிக்கு ஓடினாள். பூட்டிய கதவோடு வாயை ஒட்டிவைத்து, தணிந்த குரலில் பேசினாள். உள்ளே இருப்பவர் கதவைத் திறக்க வேண்டாம், பதில்கூட வேண்டாம், கேட்டால் போதும் என்றாள். கீழே லாரியோடு ஒருவன் வந்திருந்தான், புருவத்தில் தழும்பு, இந்த வீட்டைப் பற்றி விசாரித்தான், நாலு மணிக்கு மறுபடி வருகிறான் என்றாள்.

உள்ளே ஏதோ பாத்திரம் விழுந்தது. வெகுநேரம் கழித்து, கதவின் மறுபக்கம் மிக அருகில், ஒரு பெண்குரல் கேட்டது.

“நான் இங்க இருக்கேன்னு அவருக்குத் தெரிஞ்சிடுச்சா?”

“தெரிஞ்சிடுச்சு,” என்றாள் மீட்டரக்கா. “நான்தான் சொன்னேன்.”

மீட்டரக்கா போன் செய்த அரை மணி நேரத்தில் தையற்காரி கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடிவந்தாள். பூட்டைத் திறந்து இரண்டு பேரும் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்ட பிறகுதான் மீட்டரக்கா அந்தப் பெண்ணைப் பார்த்தாள். தையற்காரியின் தங்கை. இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. வலது கை தோள்பட்டைக்குக் கொஞ்சம் கீழே வரை மாவுக்கட்டுக்குள் இருந்தது. அந்த இருபது லிட்டர் ஏன் அவ்வளவு நேரம் எடுத்தது என்று மீட்டரக்காவுக்கு அப்போது விளங்கியது. ஒற்றைக் கையால் குளித்திருக்கிறாள்.

கையை முறித்தது லாரிக்காரன்தான், அவள் கணவன். அதற்கு முன்பும் இரண்டு முறை அடித்துக் காயப்படுத்தியிருக்கிறான். போலீசில் போய்ச் சொன்னபோது, குடும்ப விஷயம், பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அவன் இந்த வீட்டுக்கு வந்து தேடிய அன்று அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்ததால் தப்பினாள். மறுநாள்தான் இங்கே வந்தாள். வெள்ளிக்கிழமை நீதிமன்றத்தில் பாதுகாப்பு உத்தரவுக்கான விசாரணை. பெண்கள் காப்பகத்தில் அன்றைக்கே சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். இன்னும் நாலு நாள். அந்தச் சின்னப் பெண்கூட பள்ளியில் வாய் திறக்கவில்லை. சித்தி இருப்பதைச் சுவர்கூட அறியாது என்று நினைத்திருந்தார்கள். மீட்டரை யாரும் நினைக்கவில்லை.

இப்போதே ஆட்டோ பிடித்து எங்காவது போய்விடலாம் என்றாள் தையற்காரி. மீட்டரக்கா ஒத்துக்கொள்ளவில்லை. அவன் எந்தத் தெருமுனையில் நிற்கிறான் என்று யாருக்குத் தெரியும்? தங்கை தப்பிவிட்டாள் என்று தெரிந்தால் அக்காவின் முதுகுக்குப் பின்னாலேயே சுற்றுவான், வெள்ளிக்கிழமை நீதிமன்ற வாசலில் வந்து நிற்பான்.

“ஆள் இல்லைன்னு அவனே கண்ணால பாத்துட்டுப் போகணும்,” என்றாள். “தண்ணி எங்க போச்சுன்னும் அவனே பாக்கணும்.”

தங்கையின் பாய், துணிகள், மூன்றாவது பல் தேய்க்கும் பிரஷ், எக்ஸ்ரே உறை எல்லாவற்றையும் ஒரு மூட்டையாகக் கட்டினார்கள். எதிர்வீடுகளின் கதவுகள் சாத்தியிருந்த நேரம் பார்த்து, மீட்டரக்கா அவளைக் கீழ்த்தளத்தில் தன் நாலாம் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போனாள். பிறகு தனியாக மேலே வந்து, பதினேழாம் வீட்டுக் கழிப்பறைத் தொட்டியின் மூடியைத் தூக்கினாள். உள்ளே மிதவையின் தண்டைப் பிடித்து ஒரு விரற்கடை மேலே வளைத்தாள். இனித் தொட்டி நிரம்பினாலும் வால்வு மூடாது. மிச்சத் தண்ணீர் வழிகுழாயில் இறங்கி, ஓசையே இல்லாமல் கழிப்பறைக் கோப்பைக்குள் போய்க்கொண்டிருக்கும். வெளியே போய் மீட்டரைப் பார்த்தாள். சிவப்புச் சக்கரம் நிற்காமல் சுழன்றது.

இது எடுபடுமா என்று தையற்காரி கேட்டாள்.

“சக்கரம் நிஜமா சுத்துது. மிச்சப் பொய்யை நான் பாத்துக்கறேன்.”

நாலு மணிக்கு லாரி வந்தது. குழாயைத் தொட்டியில் இறக்கிவிட்டு அவன் மேலே ஏறினான். அவன் கதவைத் தட்டுவதற்கு முன்பே அங்கே கூட்டம் இருந்தது. ஒழுக்கைக் கண்டுபிடித்தாயிற்று, வந்து பாருங்கள் என்று மீட்டரக்கா தலைவரையும், பதினைந்திலும் பதினெட்டிலும் இருந்தவர்களையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். தலைவர் தையற்காரியை நிற்கவைத்து, ஒரு குடியிருப்பின் தண்ணீரைக் கோப்பையில் கொட்டியதற்காகப் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது.

லாரிக்காரன் அத்தனை பேரை எதிர்பார்க்கவில்லை. ஒரு கணம் தயங்கி, இது என் மனைவியின் அக்கா வீடு, நலம் விசாரித்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன் என்றான். தையற்காரி கதவைவிட்டு விலகி நின்றாள். அவன் உள்ளே போனான். இருந்த ஒரே அறை, சமையலறை, குளியலறை. கட்டிலுக்குக் கீழே குனிந்து பார்க்க அவனுக்கு வெட்கமாக இல்லை. அலமாரிக் கதவைத் திறந்து மூடினான். வெளியே வந்து மீட்டர் முன்னால் உட்கார்ந்து சக்கரத்தையே பார்த்தான்.

மீட்டரக்கா கழிப்பறைத் தொட்டியின் மிதவையைக் காட்டி விளக்கினாள். காலையில் ஆள் இருப்பதாக நினைத்தது தன் தவறு, உண்மையில் இதுதான் போய்க்கொண்டிருந்தது என்றாள்.

அப்போதுதான் தலைவர் திரும்பினார்.

“நீங்கதானேம்மா நேத்து கால் மணி நேரம் பாத்துட்டு, சக்கரம் அசையவே இல்லைன்னீங்க?”

லாரிக்காரன் எழுந்து நின்றான். இருபது வருடத்தில் ஒரு ரத்த மாதிரிக் குப்பியின் சீட்டைக்கூட மாற்றி ஒட்டியதில்லை என்று பெருமைப்படுகிறவள் மீட்டரக்கா. நேற்று அவள் பார்த்தது சரி, எழுதியதும் சரி. எல்லோர் கண்ணும் தன்மேல் இருக்க, தலைவரை நேராகப் பார்த்துச் சொன்னாள்.

“நேத்து நான் சரியாப் பாக்கல சார். கண்ணாடி எடுத்துட்டுப் போகல. என்மேலதான் தப்பு.”

மீட்டரக்கா தன் தவறை ஒப்புக்கொண்டு தலைவர் கேட்டதே இல்லை.

“அதை மூடிக் காட்டுங்க,” என்றான் லாரிக்காரன்.

அவள் உள்ளே போய் மிதவையைக் கீழே வளைத்தாள். வெளியே சக்கரம் தளர்ந்து, நின்றது. அவன் இன்னும் ஒரு நிமிடம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். கீழே தொட்டி நிரம்பி வழிகிறது என்று யாரோ கத்தவும், தலைவர் அவனைப் பார்த்து, இங்கே ஒழுக்கு பார்க்க வந்துவிட்டு அங்கே ஆற்றை விட்டிருக்கிறாயே என்று சத்தம் போட்டார். அவன் இறங்கிப் போனான். போகும்போது மீட்டரக்காவை ஒரு பார்வை பார்த்தான். நம்பியது பாதி, நம்பாதது பாதி.

அந்தப் பாதிதான் அவளை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. வியாழக்கிழமை அவன் மறுபடியும் வருவான், பலகையைப் படிப்பான். பதினேழில் குறைந்த தண்ணீர் வேறு எந்த எண்ணில் கூடியிருக்கிறது என்று பார்ப்பான். நாலாம் வீட்டில் அவளும் கணவரும் மட்டும்தான். வழக்கமாக நூற்று நாற்பது. மூன்றாவது ஆள் வந்த பிறகும் அது நூற்று நாற்பதாகவே இருந்தாக வேண்டும். பொய் எண்ணை எழுதிவிடலாம். ஆனால் மீட்டர் வெளியே சுவரில் இருக்கிறது, திங்களன்றே எண்ணைக் குறித்து வைத்திருந்தால் அவனே குனிந்து பார்த்துக் கழித்துக்கொள்வான்.

கணவர் பஸ் ஓட்டுகிறவர். விஷயத்தைக் கேட்டதும் துண்டை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு, இனிமேல் குளியல் டிப்போவில் என்றார். அங்கே குழாயடியில் நின்றால் நடத்துநர்கள் பாட்டு வேறு பாடுவார்கள், வீட்டில் அந்த வசதி இல்லை என்றார். மீட்டரக்கா அரை வாளியில் குளித்தாள். அரிசி கழுவிய நீரும் துணி அலசிய நீரும் ஒரு சொட்டு விடாமல் கழிப்பறைக்குப் போயின. தங்கை தனக்குக் குளியலே வேண்டாம் என்றதற்கு, மீட்டரக்கா அவளை உட்காரவைத்து மாவுக்கட்டில் பிளாஸ்டிக் பையைச் சுற்றி, தானே அளந்து ஊற்றித் தலை அலசிவிட்டாள். புதன்கிழமைக் கணக்கு, வியாழன் காலையில் எழுதும்போது நூற்று நாற்பத்தொன்று.

வியாழக்கிழமையும் அரை நாள் விடுப்பு எடுத்தாள். பதினோரு மணிக்கு லாரி வந்தது. அவன் நேராகப் பலகைக்குத்தான் வந்தான். நாலாம் வீட்டுக் கதவுக்கும் அவன் நின்ற இடத்துக்கும் பத்தடி இருக்காது. கதவுக்கு அந்தப்பக்கம் அவன் மனைவி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மீட்டரக்கா வாசலில் ஒரு முறத்தை வைத்துக்கொண்டு கல் பொறுக்குவதுபோல உட்கார்ந்திருந்தாள். அவன் விரல் ஒவ்வொரு வரியாக இறங்கியது. நாலில் நிற்கவில்லை. பதினேழில் நின்றது, நூற்றைம்பத்திரண்டு. மறுபடி மேலே போய், ஒன்பதில் நின்றது. மூன்று ஆள், முந்நூற்று எண்பது.

“ஒன்பதுல யாரு புதுசா?” என்றான். இந்த முறை அக்கா என்று சொல்லவில்லை.

விருந்தாளிகள், மருமகளின் அப்பா அம்மா வந்திருக்கிறார்கள் என்றாள். அது உண்மை. அவன் நம்பவில்லை. இரண்டிரண்டு படியாக ஏறினான். ஒன்பதாம் வீட்டுக் கதவு திறந்த சத்தம் கேட்டது, பிறகு ஒரு முதியவரின் கேள்வி, பிறகு எதுவோ சரிந்து விழும் ஓசை. அவன் பெரியவரைத் தள்ளிவிட்டு உள்ளே நுழைந்து அறை அறையாகத் தேடியிருக்கிறான். அந்த வீட்டார் போட்ட கூச்சலில் முதல் மாடி முழுவதும் திரண்டது. தலைவர் வீடு அடுத்த கதவு. அவர் பனியனோடு வெளியே வந்து, அவன் சட்டையை யாரும் விட்டுவிடாதபடி பார்த்துக்கொண்டு, போலீசுக்கும் லாரிக் கம்பெனிக்கும் ஒரே மூச்சில் போன் செய்தார். இந்த முறை போலீஸ் வந்தது. முதியவர் ஒருவரை வீடு புகுந்து தள்ளியது அவர்களுக்குக் குடும்ப விஷயமாகப் படவில்லை. அவனை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

வெள்ளிக்கிழமை காலை மீட்டரக்காவின் கணவர் ஷிப்ட் மாற்றிக்கொண்டு, நீதிமன்ற வழியாகப் போகும் பஸ்ஸை எடுத்தார். அக்காவும் தங்கையும் அவருக்குப் பின் இருக்கையில் உட்கார்ந்து போனார்கள். விசாரணையில் ஒன்பதாம் வீட்டுச் சம்பவமும் பதிவானது. தங்கைக்கு உத்தரவு கிடைத்தது. மாலையில் காப்பகத்தில் சேர்ந்துவிட்டாள் என்று தையற்காரி வந்து சொன்னபோது, மீட்டரக்கா எழுதிக்கொண்டிருந்த நோட்டை மூடி வைத்தாள். கதவின் மறுபக்கம் கேட்ட அந்தக் குரலும், அதற்குத் தான் சொன்ன பதிலும் அவளை விட்டுப் போகவில்லை.

அன்று சாயங்காலமே தலைவரிடம் போய் எல்லாவற்றையும் ஒப்பித்தாள். இனிமேல் எண்களை ஊர் பார்க்க எழுத மாட்டேன், அந்தந்த வீட்டுக் கணக்கை அந்தந்த வீட்டுக்குச் சீட்டில் கொடுக்கிறேன் என்றாள். பலகையின் பயன் போய்விடுமே என்று அவர் வாதாடவில்லை. வேறொன்றுதான் அவரை உறுத்தியது.

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

“சொல்லியிருந்தா உங்க மூஞ்சியே காட்டிக்கொடுத்திருக்கும் சார்.”

தலைவர் யோசித்துப் பார்த்தார். பிறகு, அதுவும் சரிதான் என்று சொல்லிவிட்டு, அந்தப் பெண்ணுக்கு மாவுக்கட்டு எப்போது பிரிக்கிறார்கள் என்று கேட்டார்.